கீழ்வரிசையில் பதினெட்டுப் பல்

"சிரிக்கிறான்கிறதுக்காக ஒரு கம்பெனியையே வேண்டாம்னு சொல்லுவியா அக்கா, இதெல்லாம் ஒரு—"

"நான் எங்கடா வேண்டாம்னு சொன்னேன், எதுக்குச் சிரிச்சான்னுதானே—"

"மரியாதைக்குச் சிரிச்சான்! மனுஷன்னா நாலு பேரைப் பார்த்தா—"

"போன தடவை நாம ஏமாந்த கதையைச் சொல்றேன், அதுக்கும் சிரிக்கிறான். எழவு வீட்டுல வந்து பல்லைக் காட்டுற மாதிரி!"

"நீ நம்ம பாஷையில சொன்னா அவனுக்கு என்ன புரியும்?"

"நீதானே பக்கத்துல உக்காந்து மொழிபெயர்த்தே?"

"சுருக்கிச் சொன்னேன்."

"நான் மூச்சு வாங்குற வரைக்கும் பேசினேன். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சே. என்னடா சொன்னே அவன்கிட்ட?"

தம்பி மடிக்கணினியை மூடினான். மூடுகிற சாக்கில் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அக்காவுக்கு ரொம்பச் சந்தோஷம்னு சொன்னேன்."

அக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தியை மேஜை மேல் வைத்தாள். கோபம் வந்தால் முதலில் கத்தியை வைத்துவிடுவது அவள் பழக்கம். பாதுகாப்புக்குத்தான்.

இது பல் செய்கிற இடம். பல் பிடுங்குகிற இடம் இல்லை. அதைப் பல் டாக்டர்கள் தங்கள் கிளினிக்கில் செய்துகொள்வார்கள். அவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து இங்கே அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் வடித்து, பீங்கான் பூசி, ஃபர்னஸில் சுட்டு, கேப்பாகவும் பிரிட்ஜாகவும் முழுப் பல்செட்டாகவும் திருப்பி அனுப்புவது இவர்கள் வேலை. உள்ளே பட்டறை, முன்னால் ஆபீஸ், நடுவில் பார்சல் கட்டும் மேஜை. பட்டறை அக்காவுடையது. ஆபீஸ் தம்பியுடையது. பார்சல் மேஜை தம்பியின் மனைவியுடையது. அப்பா இறந்த பிறகு அப்படியே பிரிந்துகொண்டது. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை.

இப்போது தலைக்கு மேல் வந்திருந்த பிரச்சினை பெரிய டாக்டர். ஆள் குள்ளம்தான். ஆனால் ஊரில் பாதி கிளினிக் அவருடையது, அதனால் பெரிய டாக்டர். அவர் நேரில் வந்து, நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"என் ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணுங்க நாள் பூரா உங்களுக்குப் போன் பண்றதுதான் வேலை. 'கேப் எங்க, கேப் எங்க'ன்னு. மத்த லேப் எல்லாம் ஸ்கிரீன்ல காட்டுறான். மழைக்காலம் முடியறதுக்குள்ள நீங்களும் காட்டுங்க. இல்லைன்னா நான் வேற இடம் பார்க்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. அவர் போனால் பட்டறையில் பாதி நாற்காலி காலி.

உள்ளூர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். அதனால் கடல் தாண்டி ஆள் தேட வேண்டியதாயிற்று. அதிலும் ஒரு பழைய புண் இருந்தது. இதற்கு முன்னால் தம்பி ஒரு கம்பெனியைப் பிடித்திருந்தான். அவர்கள் செய்துகொடுத்தது ஒரு பருவம் ஓடியது. பிறகு ஒருநாள் காலையில் திரை வெள்ளையாக நின்றது. அந்தக் கம்பெனியே இல்லை. யாருக்கு எந்தப் பல் என்பது அந்த வெள்ளைக்குள் போய்விட்டது. இருந்ததை வைத்து ஊகித்து அனுப்பியதில் இரண்டு பேருக்குப் பல்செட் மாறிப்போய், ஒருவர் தன் மகள் கல்யாணப் போட்டோ முழுவதும் வாயைத் திறக்காமல் நின்றார். அந்தப் போட்டோவை அவர் ஒரு பிரதி இவர்களுக்கும் அனுப்பிவைத்தார்.

அதிலிருந்து தம்பி எதைச் சொன்னாலும் அக்கா, "போட்டோவை எடுத்துக் காட்டட்டுமா?" என்பாள்.

இந்த முறை அவன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். "கம்பெனியை நான்தான் தேர்ந்தெடுப்பேன். இதுவும் தப்பாப் போச்சுன்னா ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்துடறேன். அப்புறம் இந்த இடத்துல எந்த முடிவும் என்னைக் கேக்க வேண்டாம். நீ சொல்ற மூலையில உக்காந்து பிளாஸ்டர் கலக்கறேன்."

"பிளாஸ்டர் கலக்கறதுக்கும் ஒரு கை வேணும், ராசா" என்றாள் அக்கா.

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மனைவியிடம் கத்தினான். உப்பு இருந்தது.

*

தேடித் தேடி மூன்று கம்பெனிகள் மிஞ்சின. மூன்றுக்கும் நீளமான பெயர்கள். அக்கா வாயில் நுழையவில்லை என்பதால் அவளே பெயர் வைத்தாள். எதற்கும் சிரிப்பவன் சிரிப்புக்காரன். கேட்டதற்கு மட்டும் ஒரு வரியில் பதில் எழுதிவிட்டு, திரையில் முகமே காட்டாமல் இருப்பவன் மௌனசாமி. மூன்றாவது கம்பெனியில் இவர்களோடு பேசுவதற்கென்றே நம் பாஷை தெரிந்த ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அவள் எடுத்தவுடன் பத்துக் கேள்வி கேட்டதால் கேள்விக்காரி.

"எனக்குச் சிரிப்புக்காரன்தான்" என்றான் தம்பி. "பெரிய ஆபீஸ். பின்னாடி கண்ணாடிச் சுவர் எல்லாம் இருக்கு."

"கண்ணாடிச் சுவரை வெச்சு நாம என்ன பண்றது? கேட்டதுக்கெல்லாம் முடியும், முடியும்னான். முடியாதுன்னு ஒண்ணுகூடவா இருக்காது?"

"அப்ப எப்படித்தான் பார்த்து எடுக்கிறது? நீயே சொல்லு."

"ஆள் எடுக்கிற மாதிரி எடு."

பட்டறைக்கு ஆள் எடுப்பதில் அக்காவுக்கென்று ஒரு முறை உண்டு. வேலை கேட்டு வருபவரிடம் ஒரு மேல்தாடை, ஒரு கீழ்த்தாடை என இரண்டு பிளாஸ்டர் அச்சைக் கொடுத்து, "இதைப் பொருத்திக் கொண்டு வாங்க" என்பாள். இரண்டும் வேறு வேறு ஆள் வாயிலிருந்து எடுத்தது. சிலர் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ராவுவார்கள். ராவி ராவி, பல்லும் பல்லும் தொடுகிற வரை ராவி, பெருமையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்களுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுவாள். எவர் திரும்பி வந்து, "இது ரெண்டும் ஒரு வாய் இல்லீங்களே" என்று சொல்கிறாரோ அவருக்கு மறுநாள் வேலை. இப்போது பீங்கான் வேலை பார்க்கிற அண்ணன் அப்படி வந்தவர்தான். வந்த அன்றே அச்சுகளை மேஜையில் வைத்துவிட்டு, "என்னங்க, விளையாடறீங்களா?" என்று கேட்டார். அக்காவுக்கு அப்படியே பிடித்துப்போனது.

"கம்பெனிக்கு எப்படி அக்கா தாடையை அனுப்பறது?"

"நமக்கு என்னென்ன வேணும்னு எழுதி அனுப்பப் போறே இல்ல? அதுல ஒரு கோணல் வை. யார் கேக்கறான்னு பார்ப்போம்."

தம்பிக்கு இது பிடித்திருந்தது. பிடித்திருப்பதைக் காட்டிக்கொள்ளாமல், "சரி, உன் ஆசைக்கு" என்றான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் ஆபீஸில் உட்கார்ந்தார்கள். அக்கா சொல்லச் சொல்ல அவன் தட்டினான். இடையிடையே அவனாகவும் தட்டினான். உள்ளே பீங்கான் அண்ணன் ராவுகிற சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

"ஒரு ஆர்டர் அச்சுல இருக்கா, மெழுகுல இருக்கா, ஃபர்னஸ்ல இருக்கான்னு கிளினிக்குக்குத் தெரியணும். போட்டியா?"

"போட்டேன்."

"ஃபர்னஸுக்குள்ள போனதுக்கு அப்புறம் யாரும் எதையும் மாத்தக் கூடாது. போடு."

"போட்டேன்."

"இப்ப கோணல். பல்லு படம் போட்டு, எந்தப் பல்லுன்னு தொட்டுக் காட்டுற மாதிரி வேணும். மேல்வரிசையில பதினாறு. கீழ்வரிசையில பதினெட்டு."

தம்பி தட்டுவதை நிறுத்திவிட்டு, நாக்கால் தன் கீழ்வரிசையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பதினெட்டா?"

"பதினெட்டு. வாய் இருக்கிறவன் எவனா இருந்தாலும் கேக்கணும். கேக்காதவன் வாயே நமக்கு வேண்டாம்."

எழுதி முடித்ததை அவன் படித்துக் காட்டினான். நடுவில் ஒரு இடத்தில், பொருள் நம் வாசலைத் தாண்டுகிற வரை கிளினிக் ஆர்டரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. ராவுகிற சத்தத்தில் அது அக்கா காதில் விழுந்ததோ இல்லையோ. விழுந்திருந்தாலும் அவள் மனம் முழுக்கப் பதினெட்டில்தான் இருந்தது. "ம், ம், அனுப்பு" என்றாள்.

*

சிரிப்புக்காரன் முதலில் வந்தான். பதில் மட்டும் இல்லை, ஒரு மாதிரித் திரையே செய்து காட்டினான். அழகான படம். வெள்ளை வெளேர் என்று பல். மேலே பதினாறு. கீழே பதினெட்டு. இடம் போதாமல் கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் காதுவரை இழுத்து வரைந்திருந்தார்கள்.

"முதலைக்குக் கேப் போடலாம்" என்றாள் அக்கா.

கண்ணாடிச் சுவரைப் பற்றி அதன்பிறகு தம்பி பேசவில்லை.

அடுத்து மௌனசாமி. வழக்கம்போல ஒரு வரி. கீழே பதினெட்டு என்று இருக்கிறது, மனிதருக்குப் பதினாறுதானே, உறுதிசெய்யவும். அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை.

"பார்த்தியா!" அக்கா மேஜையைத் தட்டினாள். "இவன்தான் ஆளு. தேவையில்லாத ஒரு பேச்சு உண்டா? முடிஞ்சது வேலை. இவனுக்கே குடு."

"இரு, இன்னொருத்தி பாக்கி இருக்கா."

கேள்விக்காரியின் பதில் பக்கம் பக்கமாக வந்தது. எல்லாம் கேள்விதான். ஒரே டாக்டர் இரண்டு கிளினிக்கில் இருந்தால் எந்தப் பெயரில் வர வேண்டும்? பார்சல் போன பிறகு திரும்பி வந்தால் அது புது ஆர்டரா, பழைய ஆர்டரா? எல்லாம் இருந்தது. பதினெட்டு மட்டும் இல்லை. பதினெட்டு இருந்த இடத்தில், தானாகப் பதினாறு ஆகியிருந்தது.

தம்பி உடனே அவளைக் கூப்பிட்டு, அக்காவும் கேட்கும்படி போனை மேஜையில் வைத்தான்.

"நாங்க கீழே பதினெட்டுன்னு எழுதியிருந்தோமே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். கை தவறி விழுந்திருக்கும்னு திருத்திட்டேன். எனக்கும் வாய் இருக்கே."

அக்கா போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பேச்சு முடிந்ததும் தீர்ப்பு சொன்னாள்.

"இவ வேண்டாம்."

"ஏன்? கண்டுபிடிச்சாளே!"

"கண்டுபிடிச்சா. கேக்கலையே? நாளைக்கு ஒரு டாக்டர் வேணும்னே வித்தியாசமா ஒண்ணு எழுதுவார். வாயில அந்தக் கோளாறு இருக்கும். இவ பாட்டுக்கு 'கை தவறிருச்சு'ன்னு திருத்தி வெச்சா?"

"அக்கா, எது கை தவறினது, எது தெரிஞ்சு எழுதினதுன்னு பிரிக்கத் தெரியுது அவளுக்கு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா அதுவும் தொல்லைதானே? மௌனசாமி இந்த ஒண்ணைத்தானே கேட்டான்? இவ கேட்ட மத்ததையெல்லாம் அவன் கேக்கவே இல்லையே. அவனுக்குத் தோணவே இல்லையா, இல்ல நமக்கு என்னன்னு விட்டுட்டானா?"

"தோணாமலா இருக்கும்?"

"தோணியும் கேக்காம இருந்தா, அதுவும் இவ பண்ணினதுதானே?"

அக்கா யோசித்தாள். அவள் முறை என்றைக்கும் இப்படிக் குழம்பியதில்லை. தாடையைக் கொடுத்தால் ஒருவர் ராவுவார், இல்லையென்றால் கேட்பார். ராவாமலும் கேட்காமலும், அலமாரியைத் திறந்து சரியான தாடையைத் தானே எடுத்துப் பொருத்திக் கொண்டுவந்து வைப்பவரை என்ன செய்வது? டீயா, வேலையா?

"முதல்ல நீதானே சிரிப்புக்காரனுக்குக் கொடி பிடிச்சே?" என்றாள் கடைசியில், வேறு பிடி கிடைக்காமல்.

"அது அப்போ."

"இப்ப இவளுக்கு."

"இப்ப இவளுக்கு. போட்டோவை எடுத்து வரட்டுமான்னு கேக்கப் போறே, தெரியும்."

"கேக்கல" என்றாள் அக்கா. அந்த ஒரு முறை உண்மையிலேயே கேட்கவில்லை. தம்பிக்கு அது கேட்டதைவிடச் சங்கடமாக இருந்தது.

கேள்விக்காரியின் பக்கங்களில் தம்பியால் பதில் எழுத முடிந்ததெல்லாம் எழுதிவிட்டான். ஒன்று மட்டும் மிஞ்சியது. அதன் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: இதற்கு நீங்கள் இருவரும் சேர்ந்து லைனில் இருந்தால் நல்லது.

"அப்படி என்ன கேள்வி?" என்றாள் அக்கா.

"தெரியல. ஏதோ ஃபர்னஸ் பத்தி" என்றான் தம்பி. சொல்லிவிட்டு, கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டான். மழை நாள், வேர்க்கிற காலம் இல்லை.

*

பார்சல் மேஜையில்தான் இணைய இணைப்பு நன்றாகக் கிடைக்கும். தம்பி மனைவி பெட்டிகளை ஓரமாகத் தள்ளி இடம் கொடுத்துவிட்டு, அந்த ஓரத்திலேயே நின்று பஞ்சு வைத்துப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். இங்கே டீ நேரம். அங்கே விளக்கு போட்டிருந்தார்கள். திரையில் கேள்விக்காரிக்குப் பின்னால் யாரோ கோப்பையோடு குறுக்கே போய், கேமராவைப் பார்த்ததும் குனிந்துகொண்டு ஓடினார்கள்.

"வணக்கம் மேடம். வணக்கம் சார். ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன். ஒரே ஒரு விஷயம். ஒரு கேப் ஃபர்னஸுக்குள்ள போயிடுச்சு. அப்ப டாக்டர் போன் பண்ணி, நிறம் மாத்தணும்ங்கிறார். என்ன பண்ணுவீங்க?"

"முடியாதும்போம்" என்றாள் அக்கா. "எழுதியிருக்கோமே."

"ஆமா மேடம், எழுதியிருக்கீங்க. சார்?"

"அதான்... அக்கா சொன்ன மாதிரிதான்."

"ஆனா சார், இன்னொரு இடத்துல வாசலைத் தாண்டுற வரைக்கும் மாத்தலாம்னு இருக்கு. ஃபர்னஸ்ல இருக்கிறது வாசலைத் தாண்டல இல்லையா?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படியா எழுதினே? இதுவும் கோணலா? ரெண்டு கோணல் வெச்சியா?"

"இல்லக்கா, அது சும்மா ஒரு மரியாதைக்கு எழுதினது."

"மரியாதைக்குன்னா, ஸ்கிரீன்ல பட்டன் வெக்கணுமா, வேண்டாமா சார்?" என்று கேட்டாள் கேள்விக்காரி. கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"பட்டன் வேண்டாம்" என்றாள் அக்கா.

"இருக்கட்டும், இருந்துட்டுப் போகட்டும்" என்றான் தம்பி, அதே மூச்சில்.

"எதுக்குடா இருக்கணும்? முடியாதுன்னு சொல்ற விஷயத்துக்கு எதுக்குப் பட்டன்?"

"சில சமயம் அவசரம்னு—"

"அவசரம்னா? சுட்ட பீங்கானை மறுபடி மாவாக்க முடியுமா? நிறம் ஏறினது ஏறினதுதான். நீ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு—"

தம்பி மனைவிக்கு உதவ வேண்டும் என்று தோன்றியது. பாவம், கடல் தாண்டி ஒரு பெண் சாதாரணமான ஒன்றைக் கேட்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்து அவளைக் குழப்புகிறார்கள்.

"புதுசாப் பண்ணிக் குடுத்துடுவோம்மா" என்றாள் திரையைப் பார்த்து. "அடிக்கடி வர்றதுதானே. போன வாரம்கூடப் பெரிய டாக்டருது ஒண்ணு. வெடிச்சதுன்னு போட்டுட்டு, முதல்லேருந்து பண்ணி அனுப்பிடுவோம்."

உள்ளே ராவுகிற சத்தம் நின்றது.

"எது வெடிச்சதுன்னு போட்டுட்டு?" என்றாள் அக்கா.

"அதான் அண்ணி, ஃபர்னஸ்ல வெடிச்சுப் போகுதே, அது. வெடிச்சாதானே புதுசு பண்ண முடியும்? அதுக்காக அப்படிச் சொல்றது..." அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். என்னங்க, அண்ணிக்குத் தெரியாதா?"

தம்பி மேஜையிலிருந்த ஒரு பெட்டியை எடுத்து மடிக்கத் தொடங்கினான். தப்பாக மடித்தான்.

ஃபர்னஸில் பீங்கான் எப்போதாவது வெடிக்கும். எல்லா இடத்திலும் வெடிக்கும். ஆனால் இங்கே சில வருஷமாக அது அதிகமாகிப்போயிருந்தது. அக்கா கையிலிருந்து முழுதாகப் போவது, பீங்கான் அண்ணன் ராவி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது என்று செய்தி வரும். முதலில் பீங்கான் பொடி சரியில்லை என்று அக்கா பொடியை மாற்றினாள். பிறகு ஃபர்னஸ் மெக்கானிக்கோடு சண்டை போட்டாள். அவர் இன்றுவரை இந்தப் பக்கம் வருவதில்லை. ஜன்னல் காற்று படுகிறதோ என்று ஃபர்னஸை அறையின் அடுத்த மூலைக்கு நகர்த்தினாள். கடைசியில் ஃபர்னஸையே மாற்றினாள். புதியதிலும் வெடித்தது. அதற்குப் பிறகு மாற்றுவதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அப்பா காலத்திலிருந்து ஃபர்னஸில் வைப்பதும் எடுப்பதும் அவள் கையாகத்தான் இருந்தது. அந்த வேலையைப் பீங்கான் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அவள் மெழுகு மேஜைக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம் கண் கூசுகிறது என்று சொன்னாள்.

"என் கைதான் போச்சுன்னு நினைச்சேனேடா" என்றாள் இப்போது.

"அக்கா—"

"கை நடுங்குதோன்னு ராத்திரி எழுந்து கையை நீட்டிப் பார்ப்பேன். உங்க மாமா 'என்ன பண்றே'ம்பார். கொசு அடிக்கிறேம்பேன்."

"அக்கா, நான் அப்படி நினைச்சுப் பண்ணல. முதல் தடவை பெரிய டாக்டர்தான். நோயாளி வெளியூர் போறா, நிறம் தப்பாச் சொல்லிட்டேன், எப்படியாவது பண்ணுங்கன்னார். உன்கிட்ட வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"முடியாதும்பேன்!"

"சொல்லியிருந்தா அவர் அன்னிக்கே போயிருப்பார். இவ்வளவு வருஷம் அவர் இருக்கிறதே நான் 'சரி'ன்னு சொன்னதாலதான். அவர் மட்டுமா? பாதிப் பேர்."

"அதை என்கிட்டச் சொல்லிட்டுச் செய்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ கத்தியைக் கீழ வைப்பே."

அக்கா கையில் கத்தி இல்லை. வைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கை மேஜை மேல் சும்மா கிடந்தது. அவள் பட்டறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே! உங்களுக்கும் தெரியுமா இது?"

பதிலுக்கு ராவுகிற சத்தம் மறுபடி கேட்டது. ராவுவதற்கு அவ்வளவு அழுத்தம் தேவையே இல்லை.

"தெரியுமாம்" என்றாள் அக்கா. "இங்க எல்லாருக்கும் தெரியும். பார்சல் கட்டுறவளுக்குத் தெரியும். பட்டறையில உக்காந்திருக்கிற எனக்குத்தான் தெரியல. நான் புது ஃபர்னஸ் வாங்கும்போதுகூடப் பக்கத்துல நின்னியேடா. 'நல்ல ஃபர்னஸ் அக்கா, இதுல வெடிக்காது'ன்னியே!"

"கொஞ்ச நாள் வெடிக்காமத்தானே இருந்தது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது எப்படி ஒலித்தது என்று புரிந்தது. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா அவனையே பார்த்தாள். கோபம் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று அவளுக்கும் பிடிபடவில்லை. அவன் பொய் சொன்னான். அந்தப் பொய்யில்தான் பட்டறை ஓடியது. அவள் விதி சரியானது. அந்த விதியை ஒருநாள்கூட யாரும் கடைப்பிடிக்கவில்லை. தன் கை நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. சந்தோஷப்பட்டால் இவனை மன்னித்த மாதிரி ஆகிவிடும்.

தம்பி திரையின் பக்கம் திரும்பாமலே, குரலைத் தணித்துச் சொன்னான். "அக்கா, நீ சொன்னதுதான் சரி. மௌனசாமிக்கே குடுத்துடலாம். அவன் இதையெல்லாம் நோண்ட மாட்டான்."

"ஏன், நோண்டினா என்ன?"

"நீதானே இவ வேண்டாம்னே? கேக்காம திருத்திடறான்னே?"

"அது அப்போ. இப்ப எனக்கு இவதான் வேணும்."

"தேர்ந்தெடுக்கிறது நான்னு பேச்சு."

"நீதான் தேர்ந்தெடுக்கிறியே! இத்தனை வருஷமா எல்லாத்தையும் நீதானே தேர்ந்தெடுத்திருக்கே. நான்தான் என்னமோ தம்பி ஒரு முடிவு எடுக்கத் துணிவில்லாத பையன்னு போட்டோவைக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

"நான் எழுந்துடறேன் அக்கா. நாற்காலி வேண்டாம் எனக்கு. சொன்ன மாதிரி பிளாஸ்டர்ல—"

"உக்காருடா! நீ எழுந்து போனா பெரிய டாக்டர்கிட்ட 'சரி'ன்னு யார் சொல்றது? நானா?"

"அப்ப சொல்லலாம்கிறியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

"அப்ப சொல்லக் கூடாதுங்கிறியா?"

"அதையும்தான் நான் சொல்லல!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். மழை தகரத்தில் விழுகிற சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது. தம்பி மனைவி கையிலிருந்த பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து மேஜை முழுக்க வெள்ளையாக்கியிருந்தாள். திரையில் கேள்விக்காரி பேனாவைப் பிடித்தபடி, நகராமல் உட்கார்ந்திருந்தாள். படம் நின்றுபோய்விட்டது என்று கூட நினைத்திருக்கலாம். அப்போது அவள் மெதுவாகத் தொண்டையைச் செருமினாள்.

"மேடம்... சார்... நான் இன்னும் லைன்லதான் இருக்கேன். ஃபர்னஸுக்கு அப்புறம் மாத்தணும்னு வந்தா, 'சரி'ங்கிற பட்டனை உங்க ரெண்டு பேர்ல யார் ஸ்கிரீன்ல வைக்கட்டும்?"